சிவப்புச் சீட்டு ஒட்டிய வளையம்

ஜெட் எஞ்சினின் சூடான பகுதியைச் சுற்றித் தாங்கி நிற்கும் உறை வளையங்களைக் கடைவதுதான் அவள் வேலை. பதினெட்டு வருடமாக ஒரே லேத். வளையம் நிக்கல் கலப்புலோகம். செக்கச் சிவக்கச் சூடேறினாலும் வலுக் குறையாத ரகம். அதனாலேயே கடைவதற்கு மகா முரண்டு. வேகம் கூடினால் வெட்டுமுனை கருகும். தயங்கித் தேய்த்தால் மேற்பரப்பு இறுகிப்போகும்.

புது மேலாளருக்கு இதெல்லாம் தெரியாது. மூன்று நாள் பயிற்சிக்குப் போய், கழுத்தில் அட்டையோடு திரும்பியிருந்தார். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாரா என்பது தொழிற்சாலையில் பல நாள் விவாதம்.

"ஏம்மா, இதையே உருட்டிட்டு உக்காந்திருக்க? வேகத்த ரெண்டு மடங்காக்கு."

"இது அலுமினியம் இல்ல சார். தாங்காது."

"நான் படிச்சிட்டு வந்திருக்கேன்."

"ஆமா, மூணு நாளு" என்றாள், வளையத்தைப் பார்த்தபடியே.

அவரே பொத்தானைத் தட்டினார். கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் ஓடியது. அவர் மீசை ஒரு சுற்று மேலேறியது. பிறகு கிறீச்சென்று ஒரு சத்தம். அவள் பாய்ந்து நிறுத்துவதற்குள் வெட்டுமுனை பொடிந்து, வளையத்தின் உள்விளிம்பு பிறாண்டியதுபோல் கிழிந்துவிட்டது.

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "உப்புத்தாள் போட்டுத் தேச்சிடலாம்மா. அளவு சரியாத்தானே இருக்கு? கையெழுத்து மட்டும் போடு."

"தேச்சா கண்ணுக்கு மறையும் சார். அடியில விரிசல் விட்டிருந்தா, அது பறக்குறவங்களோடதான் போகும்."

பயன்படுத்தக் கூடாது என்று குறிக்கும் சிவப்புச் சீட்டை வளையத்தில் ஒட்டி, நடந்ததை நேரம் குறித்து எழுதி வைத்தாள். அதற்குப் பரிசாக மறுநாளே கிடங்குக்கு மாற்றம்.

வீட்டில் கணவன் தலையில் கைவைத்தான். "ஒரு கையெழுத்துதானே? போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல."

"உங்க தங்கச்சி அடுத்த மாசம் விமானத்துல வர்றாள்ல, அவகிட்டயும் இதச் சொல்லுங்க."



கிடங்கில் ஐந்து வாரம் திருகாணிகளைத் தரம் பிரித்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் தன் லேத்தை யாரோ ஓட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வேகம் சரிதானா என்று காது கொடுத்தாள். அதற்குள் ஆய்வுக்கூடத்தார் வளையத்தை வெட்டிப் பார்த்தார்கள். கிழிசலுக்கு அடியில் முடியிழை போல விரிசல்கள். விசாரணையில் மேலாளர் "இயந்திரக் கோளாறு" என்றார். மேலிடம் தலையாட்டியது. அவருக்கு வேறு பிரிவில் பெரிய பதவி; இவளுக்கு மறுபடி லேத், ஒரு வார்த்தை வருத்தம்கூட இல்லாமல்.

பிரிவு உபசாரத்தில் அவளையும் பேசச் சொன்னார்கள்.

"சார் போற எடத்துல மெஷினே கெடையாதாம். கேட்டதும் எனக்கு மனசு நெறஞ்சிடுச்சு."

எல்லோரும் கைதட்டினார்கள். மேலாளர்தான் ரொம்ப நேரம் தட்டினார்.