முப்பத்தெட்டு கிராம்

ஜூன் 3: மாட்டிய மூடிகள் 41, எடை 1,558 கிராம்.
ஜூன் 17: கழற்றிய மூடிகள் 41, எடை 1,520 கிராம்.
ஜூன் 18: குறைவு 38 கிராம்.

மூன்று வரிகளும் என் தங்கை கணவர் எழுதியவை.

விண்கலத்தில் ஏறும் ஒவ்வொரு திருகையும், ஒவ்வொரு சொட்டுப் பசையையும் எடை போட்டு எழுதுவது அவர் வேலை. அலுவலகத்தில் அவர் பெயரே கிராம் சார்தான். "சாப்பாடு போட்டா, தட்டோட எடை போடட்டுமான்னு கேப்பாருண்ணே" என்பாள் தங்கை.

அந்தக் கலம் போக வேண்டிய இடம் ஒரு பாறை. நம் சூரியனுக்குச் சொந்தமில்லாதது. வேறெங்கிருந்தோ வந்து, ஒரே ஒரு முறை நம் பக்கமாகக் கடந்து போய்க்கொண்டிருந்தது. ஜூன் 24க்குள் கிளம்பாவிட்டால் எட்டிப் பிடிக்கவே முடியாது.

தூசு புகாமலிருக்க, கலத்தின் கருவிகள் வெளியே பார்க்கும் 41 துளைகளுக்கும் ஒரே அளவு ரப்பர் மூடி. ஒன்று 38 கிராம். கடைசியில் கழற்றி, எடை போட்டு, அன்றே எரித்துவிடுவார்கள். கழித்துப் பார்ப்பதை மட்டும் மறுநாள் காலையில், கண் தெளிவாக இருக்கும்போது செய்வது மாப்பிள்ளையின் நெடுநாள் வழக்கம். அவர் கழிப்பதற்குள் கலத்தை உள்ளே வைத்து ராக்கெட்டின் மூக்கை மூடிவிட்டார்கள்.

நான் அதே வளாகத்தில் பதிவேட்டு அறையில் இருந்தேன். வந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மச்சான், ஒரு மூடி உள்ளேயே இருக்கு. சொன்னா கிளம்பாது. சொல்லலைன்னா குருடாப் போகும்."

"போய்ச் சொல்லிடுங்க மாப்ள. நானும் வரேன்."

திட்டத் தலைவர் மூடிகளைக் கழற்றியவரை வரவழைத்தார்.

"நாப்பத்தொண்ணையும் இந்தக் கையாலதான் சார் கழட்டினேன். இவரு தராசு தும்மியிருக்கும்" என்றார் அவர்.

மூக்கைத் திறந்து மூட ஒன்பது நாள் வேண்டும். தலைவர் நாட்காட்டியில் 24ஐ விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "கிளம்பட்டும். ஒவ்வொரு துளையும் சரின்னு தெரியத் தெரிய உமக்குக் கடிதம் போடறேன்" என்றார்.

21ஆம் தேதி கிளம்பியது. ஆகஸ்டில் மாப்பிள்ளை ஓய்வு பெற்றார்.

முதல் கடிதத்தில் 22 துளைகள் சரி. அடுத்ததில் 11. நல்ல செய்தி வர வர அவருக்குப் பயம் கூடியது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்த காகிதத்தில், ஏழாவது மாதம் மிஞ்சியது ஒன்றுதான்: காமிரா. அதன் கதவைப் பாறையை நெருங்கும்போதுதான் திறப்பார்கள். அதற்கு இன்னும் நான்கு வருடம்.

அந்த நான்கு வருடமும் வாசலில் தபால்காரர் குரல் கேட்டால் சாப்பிடுகிற கை அப்படியே நின்றுவிடும். "அன்னிக்கே கழிச்சிருந்தா, மூக்கு திறந்துதானே இருந்தது" என்பார். வேறு பேச்சே இல்லை.

கடைசி உறையை அவர் தொடவில்லை.

"நீங்க பிரிங்க மச்சான்."

உள்ளே ஒரு படம். முழுக்கக் கறுப்பு. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இடது ஓரத்தில், மேடும் பள்ளமுமாக, பாதி வெளிச்சத்தில் ஒரு பாறை.

"போதுமா? இனிமேலாவது ஒழுங்கா சாப்பிடுங்க" என்றாள் தங்கை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"அப்போ அந்த முப்பத்தெட்டு கிராம் எங்கே மச்சான்?"

பதிவேட்டில் ஜூன் 18 வரி அப்படியே இருக்கிறது. அதன் கீழே நான் சேர்த்தது ஒன்றுதான்.

கடைசிக் கடிதம் வந்தது: நவம்பர் 9.