லோரி உள்ளே போனதா?

பெயர் தெரியாதவர்கள் கைக்காசில் எடுத்த சோதனைப் படங்களைத் தேடிப் பிடித்து ஊருக்குப் போட்டுக் காட்டுகிறவளுக்கு முதலில் தோல் தடிக்க வேண்டும். காலி நாற்காலிகளுக்கு வணக்கம் சொல்லிப் பழகிய தோழர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். ஈஜோக் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், ஜன்னலுக்கெல்லாம் கன்வாஸ் கட்டிவிட்டுப் படம் போடுகிறேன்.

எழுந்து நின்றார்கள்

முதல் படத்தின் தொடக்கத்தில் ஆறு நிமிடம் கறுப்புத் திரை, சத்தமே கிடையாது. எனக்கு உயிரான இடம். நம் ஊர்க் கூட்டங்களில்தான் கடவுள் வாழ்த்து முடிந்ததும் மௌன அஞ்சலி வருமே! முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். அவரைப் பார்த்து மண்டபமே எழுந்து தலைகுனிந்து நின்றது. நிறுத்தவும் மனசில்லை, சிரிக்கவும் வழியில்லை. கால்மாற்றிக் கால்மாற்றி நின்ற பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா கடைசியில் என் காதருகே வந்தார்.

"ஏம்மா, செத்தது யாருன்னு சொல்லவே இல்லையே?"

மழை

அடுத்த மாதப் படம், தகரக் கூரையில் பெய்யும் மழை. இருபது நிமிடமும் மழைதான். கன்வாஸ் மறைத்திருந்ததால் வெளியே வெயில் கொளுத்துவது யாருக்கும் தெரியவில்லை. "ஐயையோ, கொடியில துணி!" என்று ஒரு குரல். அவ்வளவுதான், மண்டபம் காலி. போனவர்கள் திரும்பவும் இல்லை. மண்டபத் தலைவர் முனியாண்டி அண்ணன் மட்டும் மிச்சம்.

"அடுத்த படத்துக்குப் பத்துப் பேராவது கடைசிவரைக்கும் உட்காரணும் தங்கச்சி. இல்லேன்னா சாவியைக் குடுத்துடு லா."

வரிசை

இந்த மண்டபத்தை விட்டால் எனக்கு வேறு இடமில்லை. ஆனாலும் பிடிவாதமாக எனக்குப் பிடித்ததையே போட்டேன். சுங்கை பெசார் ஊர்ப் பெண் ஒருத்தி கைப்பேசியில் எடுத்தது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று எண்ணெய் ஆலை வாசலில் வரிசையில் காத்திருக்கிறது. கதை அவ்வளவே. பெரிய படங்களில் நம் ஆட்கள் காத்திருப்பதை யார் காட்டுகிறார்கள்? அதனால்தான் இந்த மாதிரிப் படங்கள்மேல் எனக்கு இத்தனை பைத்தியம்.

பதினான்கு பேர் வந்தார்கள், பாதிப் பேர் லோரி ஓட்டுநர்கள். படத்தில் இன்னொரு லோரி குறுக்கே புகுந்ததும், "டேய், வரிசையில வாடா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார்கள். வாசலில் நின்ற தலைவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நம் லோரிக்கு முன்னால் ஒரே ஒரு லோரி இருக்கும்போது படம் முடிந்தது. யாரும் எழவில்லை. முடிவே இல்லாத படத்தைப் போட்டதற்குத் திட்டு விழும் என்று நானே சாவியை நீட்டினேன். தலைவர் கையை நீட்டவே இல்லை.

"அதை நீயே வச்சிக்க. லோரி உள்ள போச்சா இல்லையா, அடுத்த மாசம் அதைப் போடு."

மிச்சத்தை அந்தப் பெண் எடுக்கவே இல்லை என்று சொல்லத் தைரியம் வராததால், யாரோ எடுத்ததைக் காட்டிக்கொண்டிருந்த நான் இப்போது சனிக்கிழமைதோறும் கைப்பேசியும் கையுமாக ஆலை வாசலில் காத்து நிற்கிறேன்.