நான் துடைத்த சைபர்

ஒரகடத்தில் பார்ட்ஸ் செய்யும் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு உதவும், வேலையில் நடந்தது ஒன்றை எழுதிக் கொடு என்றார்கள். அஞ்சாவது வரைதான் படித்தேன். பிழை இருக்கும்.

லைனில் ஷிப்ட் முடிந்ததும், கழித்துப்போட்ட பார்ட்ஸ் எத்தனை என்று எழுதும் ரிஜெக்‌ஷன் போர்டைத் துடைக்க வேண்டும். "நம்பர் இருந்தா விட்டுடும்மா, சைபர் இருந்தா தொடச்சிடு" என்பார் சூப்பர்வைசர். கை அதற்குப் பழகிவிட்டது.

லைன் பெண்களைக் கம்பெனி செலவில் டிப்ளமோ படிக்கவைக்க ஒரு டெஸ்ட் வைத்தார்கள். கணக்கு சார் காலையிலேயே ட்ரெயினிங் ரூம் போர்டில் 1, 0, -7, 6 என்று எழுதிவிட்டு மீட்டிங் போய்விட்டார். அவை ஒரு பல்லுறுப்புக் கோவையின் எண்களாம். தொகுமுறை வகுத்தல் போட்டுக் காரணி கண்டுபிடிக்க வேண்டும். கூட்டப் போன நான் அந்தச் சைபரைத் துடைத்துவிட்டேன். பெண்கள் வந்து மிச்சம் இருந்த மூன்றை வைத்துக் கணக்குப் போட்டார்கள். டெஸ்ட் முடிந்ததும் போர்டு முழுக்கத் துடைத்தேன்.

மதியம் சார் போட்ட சத்தம் காரிடார் வரை கேட்டது.

"மூணு காரணி வரணும். எல்லாரும் ரெண்டே எழுதியிருக்கீங்க. சைபரைச் சொல்லிவெச்ச மாதிரி விட்டுட்டு! காப்பிதானே?"

"போர்டுல சைபரே இல்ல சார்" என்றாள் தேவகி. ஆறு வருஷமாகக் கான்ட்ராக்டில் இருப்பவள். "இவளுங்களைப் பாத்து எழுதினா எனக்கு வர்றதும் வராது சார்."

"பொய் வேற, கிண்டல் வேற. லிஸ்ட்ல எல்லார் பேரையும் அடிச்சிடறேன்."

நான் உள்ளே போனேன். "சார், சைபர் இருந்துது. நாந்தான் தொடச்சிட்டேன்."

"எங்க இருந்துதும்மா?"

"ஒண்ணுக்கும் ஏழுக்கும் நடுவுல."

சார் மார்க்கரை எடுத்து, சைபர் இல்லாமல் போட்டுப் பார்த்தார். x-1, x-6. பெண்கள் எழுதிய அதே விடை. சைபர் சேர்த்துப் போட்டார். x-1, x-2, x+3 என்று மூன்று வந்தது.

"ஒரு உறுப்பு இல்லேன்னாலும் அது இடத்துல சைபர் போடணும்மா. இல்லேன்னா கணக்கே வேற" என்றார்.

மறுநாள் திரும்ப டெஸ்ட் வைத்தார்கள். தேவகிக்கு சீட் கிடைத்தது. என்னை யாரும் திட்டவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சார் சைபர் என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பேச வெட்கப்பட்டு மாப்பைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். நீங்கள் அப்படி நிற்காதீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சார் லிஸ்டில் நாலு பெயர்களை அடித்துவிட்டார். நாலாவது தேவகி.