அப்பாவோடு தாம் ஆடிய கறுப்புப் பெட்டி

அண்ணன் லண்டனிலிருந்து அனுப்பிய கணினி கணினியாக வந்து சேரவில்லை. ஒரு கறுப்புக் கூடு, ஒரு பை நிறையக் குட்டிக் குட்டிச் சாமான்கள், ஒரு கசெற், இவ்வளவுதான். நாமே பொருத்திக்கொண்டால் மலிவாம். முள்ளியவளையில் எங்கள் வீட்டுக்கு அப்போது மின்சாரமே இல்லை. அவனுக்கென்ன, அனுப்பிவிட்டான்!

எனக்கு இருபது வயது. கொழும்பில் கணினி படிக்க இடம் கிடைத்த கடிதம் என் தலையணைக்குக் கீழே கிடந்தது. ரீச்சர் வேலைக்குத்தான் படிக்க வேண்டும் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். கசெற்றில் இருப்பது தாம் விளையாட்டு என்று அண்ணன் எழுதியிருந்ததை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கட்டம் போட்ட பலகையில் கறுப்பும் வெள்ளையுமாய்க் காய் வைத்து ஆடும் தாமில் அப்பாவை வென்றவர் ஊரில் கிடையாது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி பிள்ளை. உந்தப் பெட்டி என்னோட ஒரு ஆட்டம், துடக்கத்தில இருந்து முடிவு மட்டும் ஆடட்டும். பிறகு நீ கொழும்புக்குப் போ. இடையில நிண்டுதெண்டால் கதை முடிஞ்சுது."

உழவு இல்லாத ஞாயிற்றுக்கிழமை உழவு இயந்திரத்தின் பற்றரியைக் கழற்றித் தரவும் சம்மதித்தார்.

முல்லைத்தீவில் ரேடியோ திருத்தும் முஸ்லிம் அண்ணர் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அவர் நானா. அவருடைய கடைக்கு இரண்டு கிழமை பஸ்ஸில் போய், அவர் பக்கத்தில் இருந்து ஈயம் ஒட்டி, சாமான்களையெல்லாம் பொருத்தி முடித்தேன். ஞாயிறு காலை, கொண்டாட்ட வீடுகளுக்கு வாடகைக்குக் கொடுக்கும் சின்ன ரிவியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு நானாவே வந்து இறங்கினார். என்னைவிட அவருக்குத்தான் ஆசை அதிகம்.

பற்றரி பன்னிரண்டு வோல்ற். அது ரிவிக்குச் சரி, பெட்டிக்கோ ஒன்பது போதும். நானா பற்றரியின் மேலிருந்த தாரைச் சுரண்டினார். உள்ளே ஆறு அறைகள், அறைக்கு இரண்டு வோல்ற். ஐந்தாவது அறையோடு நிறுத்திக் கம்பியைக் கட்டினார்.

"பத்து வரும் தங்கச்சி. ஒண்டு கூடினா ஒண்டும் செய்யாது."

ஒன்றும் செய்யவில்லைதான், ஆனால் ரிவியில் ஒரே புள்ளி மழை. லண்டன் பெட்டியின் படம் ரிவியின் இரண்டாவது திருகில்தான் பிடிபடுமாம். எங்கள் நாட்டில் எவருக்கும் தேவைப்படாத அந்தத் திருகின் குமிழை நானா எப்போதோ கழற்றி யாருடைய ரேடியோவுக்கோ போட்டுவிட்டிருந்தார். மொட்டைத் தண்டைக் குறட்டால் பிடித்து மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். திரையின் அடியில் திடீரென்று ஒரு எழுத்து வந்து நின்றது. நான் கத்திக்கொண்டு கிணற்றை இரண்டு தரம் சுற்றி ஓடினேன்!

அடுத்தது கசெற். அதை ஓடவிட்டு, அதிலுள்ள விளையாட்டைச் சத்தமாகவே பெட்டிக்குள் ஏற்ற வேண்டும். ரேப் ரெக்கோடரின் சத்தத்தைக் கூட்டினோம், குறைத்தோம், ஓடிக்கொலோன் வாசனைத் தைலம் தொட்டு அதன் உள்பக்கத்தைத் துடைத்தோம். பெட்டி எதையும் ஏற்கவில்லை. கடைசியில் நானா பெட்டியைத் திருப்பி, "தங்கச்சி, இதென்ன சந்தனமா?" என்றார்.

அம்மா விடியவே புதுச் சாமானுக்குப் பொட்டு வைத்திருந்தா. முன்பக்கம் வைத்தால் எழுத்துகள் பழுதாகும் என்று பின்பக்கம். பின்பக்கத்தில் வரிசையாக மூன்று ஓட்டைகள்.

"பொட்டு வைக்கத்தானே விட்டிருக்கினம் எண்டு நினைச்சன்" என்றா, முகத்தில் ஒரு குற்றமும் இல்லாமல். மின்சார ஓட்டையில் கம்பியைத் திருகித் திருகிச் சொருகியதில் பொட்டு விலகிவிட்டது. சத்தம் போகும் ஓட்டை மட்டும் சந்தனமும் குங்குமமுமாய் அடைபட்டிருந்தது. ஈர்க்கில் பஞ்சு சுற்றித் தோண்டி எடுத்தோம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

கசெற் ஏறியது. ஆனால் பெட்டியின் முதுகில் சொருகும் நினைவகத் துண்டு லொடலொடவென்று ஆடியது. யாராவது நடந்தால் போதும், திரை வெறுமையாகி எல்லாம் முதலிலிருந்து. சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினோம். இறுக்கியதில் துண்டு மேலே கிளம்பி நின்றது. நான்கு தரம் ஏற்றி நான்கு தரமும் போனது. பின்னேரம் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கு ரிவி போக வேண்டும், இன்னும் ஒரு தரம்தான் என்றார் நானா. எனக்கு அழுகை முட்டியது.

"தள்ளு பிள்ளை" என்று அப்பா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். இடது கையால் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டார். "இனி ஒருத்தரும் அசையக்கூடாது."

கசெற் ஐந்தாவது தரமும் ஏறியது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுத்துகளை மெல்லத் தொட்டேன். பெட்டி ஒவ்வொரு காய்க்கும் நெடுநேரம் யோசித்தது. அப்பாவின் மூக்கில் இலையான் ஒன்று பறந்து வந்து குந்தியது, வாயால் ஊதித்தான் கலைத்தார். நானா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

பிறகு பெட்டி ஒரே பாய்ச்சலில் அப்பாவின் மூன்று காய்களை வெட்டியது. அவர் முகம் மாறியது. தோற்கப்போகிறார் என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. விரலைக் கொஞ்சம் அசைத்தால் போதும். ஆட்டம் அந்த இடத்திலேயே செத்துவிடும். அவரைத் தோற்றவர் என்று யாரும் சொல்ல முடியாது. நானும் வீட்டோடு இருந்துவிடுவேன். பெட்டி பழுது என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

நான் திரையை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நரம்பு புடைத்திருந்தது. அப்பா வலது கையையும் கொண்டுவந்து சேர்த்துப் பிடித்தார்.

கடைசிக் காயும் போனபிறகுதான் கைகளை எடுத்தார். விறைத்த விரல்களை மடக்கி விரித்தபடி, என்னைப் பாராமல் கேட்டார்:

"கொழும்பில உனக்கு உந்தத் துண்டைப் பிடிக்க ஆர் இருக்கினம்?"