மீசை எடுத்த வருஷம்

சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு எடுத்த காலத்தில் எனக்கு மேலுதட்டை முழுக்க மூடிய மீசை இருந்தது. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

என் வகுப்பில் நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். ஆறு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. பேச்சு மட்டும் மிஞ்சியது. அதே வகுப்பில் அது அவளுக்கு இரண்டாம் வருஷம். இந்தப் பரீட்சையிலும் தேறாவிட்டால் பெயரை எடுத்துவிடப்போவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். பிறகு வீட்டில் தறிக்கு நூல் சுற்ற வேண்டியதுதான். படிக்க ஆசைப்பட்ட பிள்ளை அது. எனக்கு மனசு கேட்கவில்லை. முட்டாள்தனமாக அவள் காதருகே போய்க் கத்திக்கொண்டிருந்தேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஒரு நாள் மத்தியானம் அவள் அம்மா சோற்றுத் தூக்கோடு வாசலில் நின்று, அத்தனை தூரத்திலிருந்து ஏதோ கேட்டாள். இவள் வகுப்புக்குள் இருந்தபடியே, "பசிக்கலம்மா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓடிப்போய் அந்த அம்மாளிடம் விசாரித்தேன்.

"வாயப் பாத்தே புரிஞ்சுக்கிடுவா சார்வாள்," என்றாள். பிறகு முந்தானையால் சிரிப்பை மறைத்துக்கொண்டு, "உங்க வாய்தான் மீசைக்குள்ள தெரியலன்னு சொல்லுதா" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் நாவிதர் முன்னால் போய் உட்கார்ந்தேன். "பெரியவர் எப்பம் தவறுனாரு?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் அப்பா போனால்தான் மீசையை எடுப்பார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு நாலைந்து பேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு துட்டி கேட்க வந்துவிட்டார்கள். கூட வேலை பார்த்த இரண்டு பேர் பஸ் பிடித்து என் சொந்த ஊரான புளியங்குடிக்கே போயிருக்கிறார்கள். அங்கே கதவைத் திறந்தது என் அப்பா. வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து, "அவன் வரட்டும், பேசிக்கிடுதேன்" என்று சொல்லி அனுப்பினாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

ஆனால் வகுப்பில் அவள் எழுத ஆரம்பித்துவிட்டாள். நான் சொல்லச் சொல்ல, என் வாயைவிட்டுக் கண்ணை எடுக்காமல் எழுதினாள்.

பரீட்சையன்று தலைமையாசிரியரே வந்து, சிலேட்டில் எழுத வார்த்தைகள் சொன்னார். குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே சொல்வது அவர் வழக்கம். அவள் முழித்தாள். "சார், அவ முகத்தப் பாத்துச் சொல்லணும்" என்றேன். முறைத்தார், ஆனாலும் நின்று சொன்னார். பத்து வார்த்தையில் எட்டு சரி.

"பாஸ்தான் வே," என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு யோசித்தார்.

"நாலாங்கிளாஸ் வாத்தியார் மீசைய என்ன செய்ய? அவரு அப்பாவும் நல்லா திடமா இருக்காரு. நீரும் இவகூடப் போம்."

பள்ளி திறந்த அன்று நானும் நாலாம் வகுப்புக்குள் நுழைந்தேன். முதல் வரிசையில் இருந்தவள் என்னைக் கண்டதும், தன் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாமல், "இந்த வருசமும் நீங்கதானா சார்!" என்று கூவினாள். வகுப்பே சிரித்தது.

"ஆமா" என்றேன், வாயை நன்றாகத் திறந்து.