காதுக்குப் பின்னால் ஒரு பதில்

சபையாரே, ஒரு காலத்தில் நீங்கள் என் பக்கத்தில் வந்து கத்தினாலும் எனக்கு ஒரு வார்த்தை விளங்காது. அங்கிருந்து ஆண்டவர் என்னைத் தூக்கியெடுத்த விதத்தைச் சொல்லாமல் இருந்தால் இந்த லில்லி நன்றி கெட்டவள்.

கொடிய காய்ச்சல் ஒன்று வந்து போனது. அதோடு காது மந்தமாகத் தொடங்கியது. காதில் மாட்டும் கருவி கொஞ்ச காலம் உதவியது. பிறகு சத்தம் மட்டும் கேட்கும், வார்த்தை கேட்காது.

தம்பானூரில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் எனக்கு வேலை. வருகிறவர்களின் உதட்டைப் பார்த்தே சமாளித்தேன். நம் ஊரில் அதிலும் ஒரு கஷ்டம். பேசப்போவது தமிழா மலையாளமா என்று உதட்டில் எழுதி ஒட்டியிருக்காதே! ஓணக் கூட்டத்தில் ஒருவர் பெட்டியும் குடும்பமுமாக வந்து, "முறி உண்டோ?" என்றார். அறை இருக்கிறதா என்று மலையாளத்தில் கேட்கிறார். முறியும் பூரியும் உதட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும், கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். நானோ சிரித்த முகமாக, "பூரி இங்க கிட்டாது சார், பக்கத்து ஹோட்டல்ல சூடா கிட்டும்" என்றேன். அந்தக் குடும்பமே சிரித்தது. மானேஜர் சிரிக்கவில்லை. மறுநாள் முதல் எனக்கு மாடியில் போர்வை, தலையணை உறை மடிக்கிற வேலை.

அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். "என் பழைய காதைத் தாரும், இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்ளும்" என்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்கு அது தெரியாதா?

என் கணவர் செல்வின் அதிகம் பேசாதவர். உதட்டைப் படிக்க எனக்கு இடைஞ்சல் என்று, கல்யாணத்துக்கு முன்பிருந்தே வைத்திருந்த மீசையை மழித்துவிட்டார். மருத்துவமனைக்கும் அவர்தான் இழுத்துக்கொண்டு போனார். பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்ததும் டாக்டர் பொறுமையாக விளக்கினார். உட்காதில் ஒலியைப் பிடிக்கிற நுண்ணிய செல்கள் கெட்டுவிட்டன, ஆனால் நரம்பு நன்றாக இருக்கிறது. மாட்டும் கருவி சத்தத்தைக் கூட்டித்தான் தரும். ஆபரேஷன் செய்து உள்ளே வைக்கிற காக்ளியர் இம்ப்ளாண்ட், பழுதான இடத்தைத் தாண்டி நரம்புக்கே செய்தி அனுப்பும். பழைய காது திரும்ப வராது, மூளைதான் புதிதாகக் கேட்கப் பழக வேண்டும் என்றார்.

முடியாது என்றேன். எங்கள் ஜெபக்குழுவில் ஓர் அக்கா, "தலைக்குள்ள மெஷின் வைக்கது அவிசுவாசமாக்கும்" என்று சொல்லியிருந்தார். செல்வின் என் முகத்துக்கு நேராக நின்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "அந்த அக்கா கண்ணாடி போட்டுட்டுதானே வேதம் வாசிக்காவ? அது மட்டும் விசுவாசமா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு எப்படிப் பிடிவாதம் பிடிப்பது?

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஆபரேஷன் நடந்தது. காயம் ஆறிய பிறகு, காதுக்குப் பின்னால் வெளிக்கருவியை மாட்டி இயக்கினார்கள். ஐயோ! தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரே இரைச்சல். செல்வின் பேசியது கீச்சுக் கீச்சென்றது. இதற்கா இத்தனை ஜெபம்? இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

கேட்கப் பழக்கித் தருகிற அனு என்ற மலையாளிப் பெண், பயப்படாதே என்று என்னைத் தேற்றினாள். "சேச்சி பேடிக்கண்டா. எல்லாம் மெல்லெ சரியாகும், கேட்டோ?" இங்கே யார் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு "கேட்டோ" போடுவார்கள். அதற்கு யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. நான் விசும்பிக்கொண்டே, "கேட்டேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. என் முகம் மூடியிருந்தது. அவள் உதட்டை நான் பார்க்கவே இல்லை! மற்றதெல்லாம் பிறகு செல்வின் சொல்லித்தான் தெரியும்; ஆனால் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து "கேட்டோ" என்ற ஒரே ஒரு வார்த்தை என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. செல்வின் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார்.

அப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி. அவர் பத்திரிகை வாசிப்பார், நான் திருப்பிச் சொல்வேன். சண்டையும் நடக்கும். உள்ளதைச் சொல்கிறேன், பாட்டு இன்னும் பழைய இனிமையோடு கேட்பதில்லை. கூட்டத்தில் திணறுகிறேன். தூங்கும்போது கருவியைக் கழற்றினால் மறுபடி நிசப்தம். ஆனாலும் லாட்ஜில் என் மேஜைக்குத் திரும்பிவிட்டேன்.

காது போன நாள் முதல் குடும்ப ஜெபத்தில் நான் கண்ணைத் திறந்துதான் உட்காருவேன். மூடினால் எல்லாம் போச்சே! செல்வின் தலையைக் குனிந்து ஜெபிப்பார். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. ஒரு மாலை துணிந்து கண்ணை மூடினேன். பழக்கதோஷத்தில் அவர் பழைய ஜெபத்தையே சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆண்டவரே, லில்லிக்குக் காது தாரும். இல்லேண்ணா எனக்க காதுல ஒண்ண எடுத்து அவளுக்குக் குடும்."

"உங்க காது அங்கேயே இருக்கட்டும்" என்றேன். "எனக்குக் கெடச்சாச்சு. ஸ்தோத்திரம் சொல்லுங்க."

கேட்காததைக் கேட்டதுபோலத் தலையாட்டிக்கொண்டு ஆலயத்தில் உட்கார்ந்திருக்கிற அக்காமாரே, அண்ணன்மாரே, உங்களை எனக்குத் தெரியும். நானும் அப்படித் தலையாட்டியவள்தான். ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு எழுந்துபோய்க் காதைக் காட்டுங்கள். இந்தக் கருவி எல்லாருக்கும் பொருந்தாது, உங்களுக்கு ஆகுமா என்று டாக்டர் சொல்வார். எந்த வழியாக வந்தாலும் அது ஆண்டவர் தரும் பதில்தான். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் பின்னால் நின்று லில்லி என்று கூப்பிடுங்கள். திரும்பிப் பார்ப்பேன்.