எல்லாப் படலையும் ஒரே வளவுக்குள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுத்தாளர் இல்லை. ஊரில் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். இந்த வாசகர் பகுதியில் மற்றவர்கள் எழுதுவதை வாசித்து வாசித்து, என்னிடமும் ஒன்று இருக்கிறதே என்று ஒரு துணிவு வந்துவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் மே மாதம் நடந்தது. கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் ஒரு டிக்கெட் கடையில் வேலை செய்கிறேன். கடைக்காரர் எனக்குத் தூரத்துச் சொந்தம். அண்ணை என்று கூப்பிடுவேன். டிக்கெட் போடுவதும் ஆட்களோடு கதைப்பதும் அவருடைய வேலை. போட்டோக்கொப்பி எடுப்பது, விசாப் படிவம் நிரப்புவது, தேத்தண்ணி போடுவது, தூசு தட்டுவது என்னுடைய வேலை. என் கையெழுத்து வடிவாக இருக்கும் என்றுதான் படிவங்களை என்னிடம் தருவார்.

கடைச் சுவரில் பெரிய உலகப் படம் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிடித்த ஒரே பாடம் பூமிசாஸ்திரம். அதனால் அந்தப் படத்தை மட்டும் ஆசையோடு துடைப்பேன். எங்கள் ஆட்கள் போவது கொழும்பு, சென்னை, ரொறன்ரோ, சூரிச், பாரிஸ். மிச்ச உலகத்துக்கு ஒருவரும் டிக்கெட் கேட்டது கிடையாது. நான்தான் துணியோடு அங்கெல்லாம் போய் வருவேன்.

அன்றைக்கு மோர்டனிலிருந்து ஒரு அன்ரி வந்தா. எழுபது வயதிருக்கும். லெசோத்தோவுக்குப் போக வேண்டும் என்றா. அண்ணை அந்தப் பெயரை முன்பு கேள்விப்பட்டிருக்கவில்லை. கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "ஓ, சவுத் ஆபிரிக்காப் பக்கம். ஜொகன்னஸ்பேர்க்கிலை இறங்கிக் காரிலை போகலாம்" என்று போக வர டிக்கெட் போட்டார். யூலை மாதம் பயணம்.

"ஆபிரிக்கா அன்ரி, வெய்யில் கொளுத்தும். நல்ல தொப்பி ஒண்டு வாங்கி வையுங்கோ" என்றார்.

"ஆடி மாசம் அங்கை பனி கொட்டும், தம்பி" என்றா அன்ரி.

அண்ணை பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அன்ரி சிரிக்கவில்லை.

அன்ரியிடம் இருந்தது இலங்கைப் பாஸ்போட். ஆகவே தென்னாபிரிக்க விசா வேண்டும். லெசோத்தோ விசாவை அங்கேயுள்ள ஒரு பள்ளிக்கூடம் ஒழுங்கு செய்து அனுப்பியிருந்தது. தென்னாபிரிக்கப் படிவத்தை நான் நிரப்பினேன். ஒரு தடவை நுழைவதா, பல தடவையா என்று கேட்டிருந்த இடத்தில் பேனையை நிறுத்தினேன். அண்ணை எட்டிப் பார்த்து, "சிங்கிள் போடும் தங்கச்சி. மனுசி ஒருக்காத்தானே போறா" என்றார். நானும் போட்டேன். அன்ரி கையெழுத்து வைத்து, மறுநாள் காலை விசா நிலையத்தில் கொடுக்க எடுத்துக்கொண்டு போய்விட்டா.

பின்னேரம் கடை பூட்டுகிற நேரம். படத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது கை தென்னாபிரிக்காவில் நின்றது. அதன் வயிற்றுக்குள் ஒரு சின்ன நாடு, வேறு நிறத்தில், பயற்றங்காயைப் பிளந்தால் தெரிகிற பயறு மாதிரி. சுற்றிவரக் கடலே இல்லை. சுற்றிவர ஒரே நாடு. பெயரைக் கிட்டப் போய் வாசித்தேன். லெசோத்தோ.

துணியைப் போட்டுவிட்டு மேசைக்கு ஓடினேன். கொப்பிகள் போட்டு வைத்த கோப்பைத் திறந்து பள்ளிக்கூடம் எழுதிய கடிதத்தைப் பார்த்தேன். மேலே லெசோத்தோ இராச்சியம் என்று இருந்தது. அது ஊர் இல்லை, தனி நாடு; தனி விசா வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அன்ரி ஜொகன்னஸ்பேர்க்கில் இறங்கும்போது ஒரு நுழைவு முடிந்துவிடும். எல்லை கடந்து லெசோத்தோவுக்குள் போனால், திரும்பி வரும்போது தென்னாபிரிக்காவுக்குள் இன்னொரு தடவை நுழைய வேண்டும். விசா இருக்காது. வேறு பக்கத்தால் வருவோம் என்றால் வேறு பக்கமும் இல்லை. அந்தக் கட்டத்துக்குள் 'சிங்கிள்' என்று எழுதியது என் கை.

அண்ணையிடம் சொன்னேன். அவர் கடையைப் பூட்டத் திறப்போடு வாசலில் நின்றார். "இருபது வருசமா டிக்கெட் போடுறன், தங்கச்சி. லெசோத்தோவோ லெபனானோ, பிளேன் இறங்கிறது ஜொகன்னஸ்பேர்க்கிலை. ஜியோகிரபி ரீச்சர், நீர் வீட்டை போம்" என்றார்.

வழமையாக என்றால் போயிருப்பேன். அன்ரியின் நம்பருக்கு மூன்று தரம் அடித்தேன், எடுக்கவில்லை. விடிந்தால் படிவம் போய்விடும். பிரிண்டரில் புதுப் படிவம் ஒன்று எடுத்து, மேசையில் இருந்த கறுப்புப் பேனையையும் எடுத்துக்கொண்டு, அன்ரியின் விலாசத்தைக் குறித்துக்கொண்டு ஸ்டேசனுக்கு நடந்தேன். வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி, கறி பிரிட்ஜுக்குள் இருக்கிறது, நான் மோர்டனுக்குப் போகிறேன் என்றேன். "மோர்டனுக்கோ? அங்கை ஆர் செத்தது?" என்று கேட்டார். நான் தனியாக அவ்வளவு தூரம் போவது செத்த வீட்டுக்கு மட்டும்தான்.

லண்டனின் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல். ரெயினில் இருந்து என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் பத்துத் தரம் சொல்லிப் பார்த்தேன். என் கணிப்புப் பிழையாக இருந்தால் அண்ணை வருடம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். சரியாக இருந்தால் பிழை விட்டது நான். இரண்டும் நல்லாக இல்லை. மோர்டனில் இறங்கும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது.

அன்ரி கதவைத் திறந்து என்னை அடையாளம் காணவே கொஞ்ச நேரம் எடுத்தது. போனை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தாவாம். குசினி மேசையில் கம்பளிச் சட்டைகள் அடுக்கி இருந்தன. நான் பாடமாக்கி வந்ததெல்லாம் மறந்துபோய், "அன்ரி, நான் பிழை விட்டிட்டன்" என்று மட்டும் வந்தது. பிறகு படிவத்தைக் காட்டி, தட்டுத் தடுமாறி விளங்கப்படுத்தினேன்.

அன்ரி கேட்டுவிட்டுக் கதிரையில் இருந்தா.

"உண்மைதான், பிள்ளை. அந்த நாட்டுக்கு எத்தினை படலை இருந்தாலும், எல்லாம் ஒரே வளவுக்குள்ளைதான் திறக்கும். எனக்கு இது தெரிஞ்சிருக்க வேணும். அந்த நாளிலை பேப்பர் அலுவல் எல்லாம் அவர்தானே பாத்தவர்."

படலை என்றது வேலி வாசலை, அவர் என்றது அன்ரியின் கணவரை. எண்பதுகளில் எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் ஆபிரிக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் போனபோது, அவரும் கணக்குப் படிப்பிக்க லெசோத்தோவுக்குப் போனாராம். யாழ்ப்பாணத்தில் ஒரு மேட்டைக்கூடக் காணாத மனிசன் மலைக்கு மேலே போய் இருந்தார் என்று அன்ரி சிரித்தா. அந்த நாடு முழுக்க மலை. இலங்கையில் பாதியும் இல்லாத நாடு. ஆனால் அதில் மிகவும் தாழ்ந்த இடமே எங்கள் பண்டாரவளையைவிட உயரமாம். உச்சி மலை பிதுருதலாகலையைவிட இன்னும் ஆயிரம் மீற்றருக்குக் கிட்ட உயரம். ஆட்கள் கம்பளியைச் சால்வை மாதிரிப் போர்த்திக்கொண்டு குதிரையில் வருவார்களாம். பிள்ளைகளும் சில பேர் குதிரையில்தான் பள்ளிக்கூடம் வருவார்களாம். வாத்தியாரை 'ந்தாத்தே' என்பார்களாம், நாங்கள் ஐயா என்பதுபோல.

மூன்றாம் வருடம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மலைப் பாதையில் பனி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முன்பே முடிந்துவிட்டது. எங்கள் முறைப்படி எரிக்க அங்கே வசதி இல்லை. பள்ளிக்கூட வளவிலேயே குழி வெட்டித் தாட்டார்கள். அன்ரி கைக்குழந்தையோடு அடுத்த கிழமையே வெளிக்கிட வேண்டியிருந்தது. கல் ஒன்றும் வைக்கவில்லை. இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கென்று புது வகுப்பறை கட்டி, அவருடைய பெயரை வைத்துத் திறக்கிறார்களாம். அதற்குத்தான் அழைப்பு.

"பிரிட்டிஷ் பாஸ்போட் எடு எண்டு மகள் நெடுகச் சொல்லுறவள். அவர் கடைசிவரைக்கும் வைச்சிருந்தது இலங்கைப் பாஸ்போட். நானும் இதோடையே இருந்திட்டன்" என்றா. பிறகு மெல்லிய குரலில் சொன்னா: "கட்டடம் கிடக்கட்டும், பிள்ளை. அவரைத் தாட்ட இடம் தெரியுமோ தெரியாதோ எண்டுதான் எனக்குப் பயம். நாப்பது வருசத்துக்குக் கிட்ட. புல்லு மூடியிருக்கும். ஆர் கவனிக்கப் போகினம்?"

கம்பளிச் சட்டைகளை ஓரமாக நகர்த்தினேன். புதுப் படிவத்தை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக நிரப்பினேன். 'பல தடவை' என்ற கட்டத்தில் அழுத்திப் புள்ளடி போட்டேன். காரணம் எழுதச் சொன்ன இடத்தில், போகும் வழியில் ஒரு தரம், வரும் வழியில் ஒரு தரம் என்று அன்ரி சொன்ன இங்கிலிசில் எழுதி, பள்ளிக்கூடக் கடிதத்தையும் சேர்த்து வைத்தேன். அன்ரி எனக்குப் புட்டும் முட்டைப் பொரியலும் தந்துதான் அனுப்பினா.

மறுநாள் அண்ணையிடம் நடந்ததைச் சொன்னேன். முகம் சுருங்கியது. ஆபிரிக்கப் பக்கம் டிக்கெட் போடுகிற ஒரு சிநேகிதருக்குப் போன் எடுத்தார். கொஞ்ச நேரம் "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு வெளியே போய், சுடச்சுட இரண்டு பற்றிஸ் வாங்கி வந்து என் மேசையில் வைத்தார். அதுதான் அவர் மன்னிப்புக் கேட்கிற விதம். விசா பல தடவைக்கென்றே கிடைத்தது. அன்ரி யூலையில் பறந்தா.

அன்ரி போய் வந்த மூன்று கிழமையும் நான் படத்தைத் துடைக்கும்போது அந்தப் பயற்றில் மட்டும் கை வைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அன்ரி கடைக்கு வந்தா. உள்ளே நாலைந்து பேர் நின்றார்கள். வந்தவுடனே பாஸ்போட்டைத் திறந்து மேசையில் வைத்தா. வரும் வழியில் இரண்டு நாட்டுக்கும் நடுவே ஆற்றுப் பாலத்தில், தென்னாபிரிக்கப் பக்கத்து அதிகாரி தாள் தாளாகப் புரட்டினாராம். முன்னுக்கு நின்ற ஒருவரிடம் ஒரு தடவை விசாதான் இருந்ததாம். அவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்களாம். அன்ரியின் விசாவைக் கனநேரம் பார்த்துவிட்டு முத்திரை குத்தி, போங்கள் அம்மா என்றாராம்.

"இந்தப் பிள்ளை மோர்டனுக்கு ஓடி வந்திருக்காட்டி, நானும் அந்தப் பாலத்திலைதான் நிண்டிருப்பன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னா.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. தேத்தண்ணிக்குக் கேத்தில் போடப் போவதுபோல் பின்னறைக்குப் போகப் பார்த்தேன். "நில்லும், படத்தைப் பாரும்" என்று அன்ரி கையைப் பிடித்தா.

போனில் ஒரு படம். வெள்ளைப் பனிக்குள் ஒரு நீள்சதுரம், அவரைத் தாட்ட இடம். சுற்றிவர வெள்ளை அடித்த கற்கள். ஒரு கல்கூட விழவில்லை, ஒரு புல்கூட இல்லை. அவரிடம் படித்த பிள்ளைகள் வருடா வருடம் வந்து சுண்ணாம்பு அடித்து வந்திருக்கிறார்கள். ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல். ஒருவர் அணைக்கட்டில் பொறியியலாளர், ஒருவர் மினிபஸ் ஓட்டுகிறார். மினிபஸ்காரர், ந்தாத்தே இடக்கையால் எழுதிக்கொண்டே வலக்கையால் அழிப்பார் என்று புதுக் கரும்பலகையில் நடித்துக் காட்டினாராம். அன்ரி அந்தக் கற்களுக்குப் பக்கத்தில் நின்று ஒரு தேவாரம் பாடினாவாம். முடிந்ததும் அவர்கள் தங்கள் பாட்டைப் பாடினார்களாம். குளிருக்கு யாரோ ஒரு கம்பளியை அன்ரியின் தோளில் போட்டு, நெஞ்சடியில் பெரிய ஊசி போட்டுப் பூட்டிவிட்டார்களாம்.

கடையில் நின்றவர்கள் ஒருவர் மாறி ஒருவர் அந்தப் போனை வாங்கிப் பார்த்தார்கள். அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "படலைப் பிழையைப் பிடிச்சது எங்கடை தங்கச்சிதான். பூமிசாஸ்திரத்திலை கெட்டிக்காரி" என்று எல்லாருக்கும் சொன்னார். என் வாழ்க்கையில் என்னை அப்படி ஒருவர் சொன்னது அதுதான் முதல் தரம்.

மேடே இல்லாத எங்கள் ஊரிலிருந்து ஒருவர் போய், பிதுருதலாகலையைவிட உயரமான மலைகள் உள்ள நாட்டில் கணக்கு எழுதியிருக்கிறார். அவரை அந்த மலைச் சனங்கள் தங்கள் ஆள் என்று வைத்துக் காத்திருக்கிறார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில், ஒரு படிவத்தின் சின்னக் கட்டத்தில், என் கையெழுத்தும் இருக்கிறது என்று நினைக்கும்போது, கூச்சக்காரியான எனக்கும் இன்றுவரை தலை கொஞ்சம் நிமிர்கிறது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. கொழும்புக்கு மூன்று பேரும் சூரிச்சுக்கு ஒருவரும் டிக்கெட் எடுத்தார்கள். அண்ணை தான் நிரப்பிய விசாப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்து, "ஒருக்காப் பாரும்" என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.